எதிர்க்காற்றும் ஏற்றமும்

நெதர்லாந்தில் டிரோன்டன் என்றொரு சிற்றூர். ஒரு காலத்தில் கடலாக இருந்த இடத்தை வடித்து மீட்ட நிலம். மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. காற்றுக்கு மட்டும் குறைவில்லை. சாய்ந்து மிதிக்கும் மூன்று சக்கரச் சைக்கிளுக்கு முழுக்கூடு மாட்டிய வெலோமொபைல் இந்த ஊரில் வேரூன்றியதில் வியப்பே இல்லை. அந்த வண்டியையும் மின்சாரச் சுமை சைக்கிளையும் பற்றி உலவும் தப்பெண்ணங்களில் பாதி, எந்த வண்டி எதனோடு மல்லுக்கட்டுகிறது என்று பார்க்காததால் வந்தவை.

நம்பிக்கை: கூடு கனம், கனமானால் வேகம் வராது.

கனம்தான். இங்கே உருவான க்வெஸ்ட் என்ற வெலோமொபைல் 30 கிலோவைத் தாண்டும். ஆனால் சமதரையில் எடை பெரிய பகையல்ல. சாதாரணச் சைக்கிளில் மணிக்கு 30 கிலோமீட்டரில் போனால், உழைப்பில் பெரும்பங்கு காற்றைப் பிளப்பதற்கே சரியாகிவிடும். வேகம் இரட்டித்தால் அதற்கான வலு எட்டு மடங்கு வேண்டும். மீன் போன்ற கூடு இந்தச் செலவைத்தான் வெட்டுகிறது. பந்தய வீரரல்லாதவரும் 40 கிலோமீட்டரை ஒட்டி ஓட்டுகிறார். ஏற்றம் வந்தால் பாச்சா பலிக்காது. எடை பின்னால் இழுக்கும், காற்றோட்டம் குறைந்து உள்ளே வியர்த்துக் கொட்டும்.

நம்பிக்கை: அவ்வளவு நல்ல வண்டி என்றால் எப்போதோ பரவியிருக்குமே!

எனக்குப் பிடித்த கேள்வி இது. 1933 ஜூலையில், சார்ல்ஸ் மோஷே செய்த சாய்ந்து மிதிக்கும் சைக்கிளில் ஃபிரான்சிஸ் ஃபோர் பாரிஸில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டி, 1914 முதல் அசையாமல் நின்ற ஆஸ்கர் எக்கின் சாதனையை உடைத்தார். கூடுகூட இல்லை; சாய்ந்த இருக்கை மட்டும். மறு ஆண்டே பன்னாட்டுச் சைக்கிள் சம்மேளனம் பந்தயச் சைக்கிளின் இலக்கணத்தைத் திருத்தி, இந்த வகையை வெளியே தள்ளிவிட்டது. தோற்றதால் அல்ல, ஜெயித்ததால் போன வண்டி! தடை பந்தயத்துக்குத்தான், சாலையில் ஓட்டலாம். ஆனால் பந்தயம் போன வழியில்தானே சைக்கிள் கம்பெனிகளும் போகும்? விலையும் ஒரு காரணம்: இன்றும் பெரும்பாலும் கைவேலை, ஒரு பழைய கார் வாங்கும் பணம் ஆகிவிடும்.

நம்பிக்கை: சுமை சைக்கிளின் 250 வாட் மோட்டார் எந்த மூலைக்கு?

ஐரோப்பியச் சட்டம் சுமை சைக்கிளுக்கும் அவ்வளவுதான் தருகிறது; மணிக்கு 25 கிலோமீட்டரில் உதவி நின்றுவிடும், மிதிக்காவிட்டால் மோட்டார் ஓடாது. ஆனால் அந்த 250, மோட்டார் இடைவிடாமல் தர வேண்டிய வலுவின் கணக்கு. ஏற்றத்தில் சிறிது நேரம் அதைவிட அதிகமாகவே தரும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்பெட்டியில் இரண்டு பிள்ளைகள், மளிகை, ஓட்டுபவர், வண்டி எல்லாம் சேர்த்து 200 கிலோ. 5 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 12 கிலோமீட்டர் போக ஏறக்குறைய 400 வாட் வேண்டும். மூச்சு வாங்காமல் ஒருவர் தருவது 100 வாட் என்றால், தனியாக மிதித்து 3 கிலோமீட்டர் வேகம். இறங்கித் தள்ளுவதே மேல். மிச்சம் 300 வாட்டை மோட்டார் தாங்குகிறது. பழைய என்ஜினை மாட்டி நம் மீன்பாடி வண்டிக்காரர்கள் தீர்த்துக்கொண்ட அதே தலைவலிதான். இங்கே சத்தமும் புகையும் இல்லாமல் தீர்கிறது. 500 வாட்-மணி பேட்டரியை நிரப்ப அரை யூனிட் மின்சாரத்துக்குச் சற்று மேல், அவ்வளவே.

நம்பிக்கை: மோட்டார் வந்தால் உடற்பயிற்சி போச்சு.

மிதித்தால்தான் உதவி என்பதை மறந்த பேச்சு.

நம்பிக்கை: தரையோடு போகும் வெலோமொபைல் லாரிக்காரர் கண்ணில் படாது.

இதைப் பொய் என்று தள்ள மாட்டேன். ஒரு மீட்டர் உயரமே உள்ள வண்டி, பக்கத்தில் ஒட்டி நின்றால் மறைந்துதான் போகும். கொடியும் விளக்கும் ஓரளவுக்கே உதவும். டச்சுச் சட்டமோ 75 சென்டிமீட்டருக்கு மேல் அகலமான மூன்று சக்கரச் சைக்கிளைக் கார்கள் ஓடும் சாலையிலும் விடுகிறது. 40-இல் பறப்பவருக்கு அது வசதி. அவருக்குப் பின்னால் காரில் வருபவரிடம் நான் கேட்டதில்லை.