இடுக்கைப் பார், கண்ணம்மா

ஸ்ரீரங்கம்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள கண்ணம்மா,

நீ தில்லைநகர் கிளம்பிப் போன பிறகு, குளியலறை மாடத்தில் நீ விட்டுப்போன பையைப் பாட்டி எடுத்து வந்தாள். உன் பல்லில் போட்ட கம்பிக்கு அடியில் விட்டுத் தேய்க்கப் பல் டாக்டர் கொடுத்த குட்டி பிரஷ், அதில் உறை பிரிக்காமலே இருந்தது. போனில் சொன்னால் பக்கத்தில் உன் அம்மா இருப்பாள், பேச்சு திட்டாக மாறிவிடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் 32 வருஷம் ரயில் பெட்டிகளைப் பழுது பார்த்தவன் நான். வெயிலும் மழையும் படுகிற வெளித்தகட்டில் துரு அத்தனை சீக்கிரம் ஏறாது. பட்டை வைத்து முடுக்கிய இடத்தில், போல்ட் தலைக்கு அடியில், அழுக்கும் ஈரமும் தங்கும் இடுக்கில்தான் ஏறும். மேலே பெயிண்ட் பளபளக்கும். பட்டையைக் கழற்றிய அன்றுதான் உள்ளே தின்றிருப்பது தெரியும்.

பல்லுக்குப் போட்ட கிளிப்பும் அப்படித்தான். கிளிப் பல்லைக் கெடுப்பதில்லை. அதன் ஓரத்தில் தங்கும் சோறும் சர்க்கரையும் கிருமிக்குத் தீனியாகி, அமிலமாக மாறுகின்றன. பல்லின் மேலுறையான எனாமல் நம் உடம்பிலேயே கெட்டியான பொருள். ஆனாலும் அமிலம் ஏறி அதன் மேல் பிஎச் அளவு ஏறக்குறைய 5.5-க்குக் கீழே போனால் தாதுச்சத்து கரையத் தொடங்கும். எனாமலில் உயிரணு கிடையாது. எலும்பு கூடுவதுபோல அது திரும்ப வளராது. ஈறுக்கும் கிளிப்புக்கும் நடுவே சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளைத் திட்டு தெரிந்தால், அதுதான் முதல் அடையாளம். தேய்க்காத பல்லில் ஒரு மாதத்திலேயே வந்துவிடும். அந்த நிலையில் கவனித்தால் ஓரளவு தேற்றலாம், குழியாகிவிட்டால் அடைப்பதைத் தவிர வழியில்லை.

சாப்பிட்ட பிறகு தேய். பள்ளிக்கூடத்தில் முடியாவிட்டால் தண்ணீரை வாயில் விட்டு நன்றாகக் கொப்பளி. இரவுத் தேய்ப்பை மட்டும் தவறவிடாதே. தூங்கும்போது எச்சில் குறையும், அமிலத்தை அடக்க ஆள் இருக்காது. பிரஷைச் சாய்த்து ஈறு ஓரத்தில் ஒருமுறை, கிளிப்புக்குக் கீழே ஒருமுறை, பிறகு குட்டி பிரஷால் கம்பிக்கு அடியில். பேஸ்டைத் துப்பிய பிறகு வாய் நிறையத் தண்ணீர் விட்டு அலசாதே. பேஸ்டிலுள்ள ஃபுளோரைடு பல்லில் கொஞ்ச நேரம் தங்கட்டும்.

ஃபுளோரைடே விஷம் என்று எதிர்வீட்டு மாமா சொன்னதாகக் கேட்டாய். தருமபுரிப் பக்கம் ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரால் பற்களில் கறை படிந்தது உண்மைதான். பல் உருவாகும் வயதில் வருஷக்கணக்காகக் குடித்ததால் வந்தது அது. நீ பட்டாணி அளவு வைத்துத் தேய்த்துத் துப்புகிறாய். இரண்டும் ஒன்றல்ல. அவர் சிபாரிசு செய்யும் கரித்தூளும் உப்பும் வேண்டாம், எனாமலை உரசி எடுத்துவிடும். வேப்பங்குச்சியோ கம்பிக்கு அடியில் நுழையவே நுழையாது.

இனிப்பை அறவே விடச் சொல்லவில்லை. எவ்வளவு தின்கிறாய் என்பதைவிட எத்தனை தடவை தின்கிறாய் என்பதே கணக்கு. ஒவ்வொரு தடவையும் அரைமணி நேரமாவது அமிலம் ஆட்சி செய்யும். சர்க்கரைப் பொங்கலைச் சாப்பாட்டோடு சாப்பிட்டு முடி. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய சோடாவை வீடுவரை உறிஞ்சிக்கொண்டே போனால்தான் ஆபத்து. எலுமிச்சை, சோடா குடித்த கையோடு தேய்க்கவும் கூடாது. வாயைக் கொப்பளித்துவிட்டு அரைமணி பொறு.

நேற்று மணப்பாறை முறுக்கை உன் முன்னால் நீட்டியது என் தப்பு. கடித்த வேகத்தில் கிளிப் பெயர்ந்தால், ‘அடுத்த மாதம் போகும்போது சொல்லிக்கொள்ளலாம்’ என்று இராதே. பெயர்ந்த இடம்தான் புது இடுக்கு. உடனே டாக்டருக்குப் போன் செய். வெள்ளைத் திட்டு தெரிந்தாலும் அப்படியே, அவர் ஃபுளோரைடு பூச்சு போடுவார்.

குட்டி பிரஷை இதோடு அனுப்பவில்லை. வீட்டுக்கு வேறொன்று வாங்கிக்கொள். இது உறை பிரிந்து, மாடத்தில் உனக்காகக் காத்திருக்கும். முறுக்கு டப்பா மட்டும், கிளிப் கழற்றும் நாள்வரை, பரண்மேல்.

அன்புடன்,
தாத்தா