வேகம் இருக்கிறது, பேச்சு ஏன் தடங்குகிறது?

‘எம்பிபிஎஸ் கூடினால் நெட் தடங்காது.’ கேரளத்தின் தமிழ்நாட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறையானாலும் மறையூரானாலும் புது இணைப்பு எடுக்கிற பலர் இதை நம்பித்தான் பெரிய திட்டமாகப் பார்க்கிறார்கள். எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு எவ்வளவு தரவு வருகிறது என்ற கணக்கு மட்டுமே. நாம் அனுப்பியது போய்ச் சேர்ந்து பதில் திரும்ப எத்தனை மில்லிநொடி ஆகிறது என்பது தாமதம். செல்போனில் வேகம் அளக்கும் செயலி பிங் என்று காட்டுவது இதைத்தான். வீடியோ காலில் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்துகிறார்களே, அது பெரும்பாலும் தாமதத்தின் வேலை.

‘மலைப்பகுதி, தூரம் அதிகம், அப்படித்தான் இருக்கும்.’ மூணாறு எஸ்டேட் லயங்களில் இருப்பவர்கள் இந்தச் சமாதானத்தை ஏற்க வேண்டியதில்லை. கண்ணாடியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. 100 கி.மீ. போய்த் திரும்ப 1 மில்லிநொடி போதும். ஃபைபர் வந்துவிட்ட ஊரிலிருந்து சென்னைக்குக் கேபிள் 1,000 கி.மீ. சுற்றிப் போனாலும் தூரத்தின் பங்கு 10 மில்லிநொடிதான். 35,786 கி.மீ. உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாகப் போனால்தான் தூரமே ஏறக்குறைய அரை நொடியை எடுத்துக்கொள்ளும்.

மீதி நேரம் போவது வரிசையில். ஜிஎஸ்டிக்கு முன்பு வாளையார் செக்போஸ்டில் லாரிகள் நின்றதுபோல, ரூட்டரிலும் மோடத்திலும் தரவு காத்துக் கிடக்கிறது. வீட்டில் ஒருவர் கல்யாண வீடியோவை அப்லோடு செய்யும்போது மகளின் ஆன்லைன் வகுப்பு அந்த வரிசையின் வாலில் நிற்கும். இந்தக் கோளாறை 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் விரிவாக எடுத்துச் சொன்னார். வரிசையை வளரவிடாத ‘கோடெல்’ முறையை கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் வெளியிட்டார்கள். அதனால் மருந்து இல்லாத நோய் என்று யாரும் சொல்ல முடியாது.

‘தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் அளந்துகொண்டுதானே இருக்கிறது?’ எங்கிருந்து எங்கே என்று கேட்க வேண்டும். 2006 விதிமுறையில் சர்வதேச நுழைவாயில் வரை 120 மில்லிநொடிக்குள் என்று வரம்பு இருந்தது. ஆனால் அளவு தொடங்கியது நிறுவனத்தின் நிலையத்திலிருந்து. நம் வீட்டுக்கும் அந்த நிலையத்துக்கும் இடையிலான துண்டு கணக்கிலேயே வரவில்லை. வட்டவடைக்காரர் அவதிப்படுவது பெரும்பாலும் அங்கேதான். புதிய விதிமுறை 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ளது. என்றாலும் கேரளம் முழுவதும் ஒரே உரிமப் பகுதி. கொச்சியும் தேவிகுளமும் ஒரே எண்ணுக்குள் அடைபட்டால், எல்லைக்காரரின் குறை வெளியே தெரியாது.

சராசரியை நம்பவே கூடாது என்பேன். பத்தில் ஒன்பது முறை 20 மில்லிநொடி, ஒரு முறை 800 என்றால் சராசரி 98. வரம்பு 100 என்று வைத்தால் அந்த இணைப்பு தேறிவிடும். பேச்சு மட்டும் அறுந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, மானியம் பெறும் கிராமப்புற இணைப்புகளுக்கு வேறு கணக்கு வைத்திருக்கிறது. வாடிக்கையாளர் வீட்டிலிருந்து இணைய மாற்றகம் வரை, மாலை 6 முதல் நள்ளிரவு வரை அளந்தவற்றில் 95 சதவீதம் 100 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும். ட்ராயும் இப்படி வீட்டிலிருந்தே, நெரிசல் நேரத்தில், லைன் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அளந்து, பஞ்சாயத்து வாரியாக வெளியிட வேண்டும். கோவிந்தாபுரத்திலும் குமுளியிலும் செல்போன் தமிழ்நாட்டு டவரைப் பிடித்துக்கொள்வதுண்டு. அந்த அளவு எந்தக் கணக்கில் சேர்ந்தது என்பதையும் குறிக்க வேண்டும்.

அதுவரை, இரவு எட்டு மணிக்கு ஒரு பெரிய வீடியோவை அப்லோடில் போட்டுவிட்டுப் பிங் பாருங்கள். லைன் சும்மா இருந்தபோது வந்த எண்ணையும் சேர்த்து, இரண்டையும் நேரத்தோடு புகாரில் எழுதுங்கள்.