கொள்ளையன் பேச்சு

அன்புள்ள மகிழினிக்கு,

பிரிஸ்டலில் உன் ஹவுஸ் ஓனர் பேசினால் சினிமாக் கடற்கொள்ளையன் பேசுவதுபோல் இருக்கிறது, சிரிப்பை அடக்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். உன் காது சரியாகத்தான் பிடித்திருக்கிறது. ஆனால் அவர் கொள்ளையனைப்போல் பேசவில்லை அம்மா. சினிமாக் கொள்ளையர்கள்தான் அவர் வட்டாரத்துக்காரர்களைப்போல் பேசுகிறார்கள்.

1950-ல் டிஸ்னி எடுத்த 'ட்ரெஷர் ஐலண்ட்' படத்தில் ஒற்றைக்கால் கொள்ளையன் லாங் ஜான் சில்வராக வந்தவர் ராபர்ட் நியூட்டன். பிரிஸ்டல் இருக்கும் அதே தென்மேற்கு இங்கிலாந்தின் டார்செட்டில் பிறந்தவர். தன் வட்டாரப் பேச்சையே கொஞ்சம் தூக்கலாகப் பேசி நடித்தார். அதற்குப் பிறகு திரையில் வந்த கொள்ளையர் பலருக்கும் அந்த 'ஆர்ர்ர்' ஒட்டிக்கொண்டது.

அந்த 'ர்' பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும். லண்டன்காரர் 'கார்' என்பதைக் 'கா' என்று முடித்துவிடுவார். உன் ஹவுஸ் ஓனர் நாக்கை மடித்து 'ர்' ஒலியை முழுசாகச் சொல்வார். அதைக் கொச்சை என்று நினைத்துவிடாதே. ஷேக்ஸ்பியர் காலத்தில் லண்டனிலும் அந்த ஒலி இருந்தது. பிறகுதான் தலைநகரத்துப் பேச்சில் அது தேய்ந்து போனது. தென்மேற்கில் பலர் விடவில்லை. அமெரிக்கர்களில் பெரும்பாலோரும் விடவில்லை. ஹாலிவுட் கதாநாயகன் 'கார்' என்று அழுத்திச் சொன்னால் ஸ்டைல். தென்மேற்கின் சாமர்செட் விவசாயி சொன்னால் பட்டிக்காடு. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. சிரிப்பு ஒலியைக் கேட்டு வருவதில்லை, பேசுகிறவரின் அந்தஸ்தைப் பார்த்து வருகிறது.

இந்தக் கேலி பழையதும்கூட. ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்தில் பிரபுவின் மகன் எட்கர் குடியானவன் வேஷம் போடும்போது தென்மேற்குப் பேச்சுக்குத்தான் தாவுகிறான். நாட்டுப்புறத்தான் என்று காட்ட அன்றைய மேடைக்கு அதுவே போதுமாக இருந்தது.

வட இங்கிலாந்துக்காரர்கள் பட்டதும் கொஞ்சமில்லை. 1941-ல், போர் நடந்துகொண்டிருந்தபோது, யார்க்‌ஷயரைச் சேர்ந்த வில்ஃப்ரெட் பிக்கிள்ஸை பிபிசி வானொலியில் செய்தி வாசிக்க வைத்தார்கள். அந்த உச்சரிப்பில் செய்தியா என்று முகம் சுளித்த நேயர்கள் உண்டு.

நீ மொழி படிக்கப் போனவள். வாடகை கொடுக்கப் போகும்போது அவரிடம் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேச்சுக் கொடு. 'ஐடியா' என்பதை 'ஐடியல்' என்று முடிக்கும் பழக்கம் பிரிஸ்டலின் பழைய ஆட்களிடம் உண்டு. அவர் வாயில் அது வருகிறதா என்று கவனித்து எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா