போலீஸாரை வீடியோ எடுத்தால் குற்றமா?

கேள்வி: கடலூரிலிருந்து சிதம்பரம் வரும் வழியில் வாகனச் சோதனை நடந்தது. பைக்கில் வந்த ஒரு பெரியவரைப் போலீஸ்காரர் ஒருவர் கன்னத்தில் அறைந்தார். என் தம்பி அதை செல்போனில் வீடியோ எடுத்தான். போனைப் பிடுங்கி வீடியோவை அழித்துவிட்டு, 'ஃபேஸ்புக்கில் ஏதாவது போட்டால் உள்ளே போவாய்' என்று மிரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். போலீஸாரைப் படம் எடுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா?
- வாசகர், சிதம்பரம்

பதில்: இல்லை. பொது இடத்தில் பணியில் இருக்கும் போலீஸாரைப் படம் எடுப்பதையே குற்றமாக்கும் சட்டம் இந்தியாவில் கிடையாது. பிரான்ஸில் அப்படிக் கொண்டுவந்த ஒரு சட்டப்பிரிவை அந்நாட்டு அரசியல் சாசன மன்றம் 2021இல் ரத்து செய்தது. இங்கே காவல் நிலையத்துக்குள் படம் எடுப்பவர்கள் மீது 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டத்தைப் பாய்ச்சுவதுண்டு. ஆனால் அச்சட்டம் சொல்லும் 'தடை செய்யப்பட்ட இடம்' என்பதில் காவல் நிலையம் வராது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2022இல் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டை அது கட்டுப்படுத்தாது என்றாலும் நம் நீதிமன்றங்களில் எடுத்துக்காட்டி வாதாடலாம்.

எச்சரிக்கை வேண்டியது வேறு இடத்தில். பணியைத் தடுத்ததாகத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 221, தாக்கியதாக 132 ஆகிய பிரிவுகளில் வழக்குப் போட முடியும். அதனால் தள்ளி நின்று, குரல் உயர்த்தாமல், யார் மீதும் கை படாமல் எடுக்க வேண்டும்.

போனைக் கைப்பற்ற போலீஸுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ஒரு குற்றத்தோடு தொடர்பிருக்க வேண்டும், மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போக வேண்டும். கைப்பற்றுவதையே வீடியோவாகப் பதிவு செய்யச் சொல்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு. உள்ளிருப்பதை அழிக்கும் அதிகாரத்தை எந்தப் பிரிவும் தரவில்லை. சாட்சியத்தை அழிப்பது தனிக் குற்றம். பல போன்களில் நீக்கிய வீடியோ சில வாரங்கள் குப்பைத்தொட்டிப் பகுதியில் இருக்கும். இன்றே மீட்டு, பிரதி எடுத்து, போனைப் பத்திரப்படுத்துங்கள்.

வீடியோவின் அருமை நம் மாவட்டத்துக்குத் தெரியும். 1993இல் கம்மாபுரம் போலீஸார் பிடித்துச் சென்ற ராசாக்கண்ணு 'தப்பி ஓடிவிட்டார்' என்றார்கள். வீடியோ ஏதும் இல்லாததால், அது பொய் என்று நிறுவ அவர் மனைவி உயர் நீதிமன்றம் வரை போராட வேண்டியிருந்தது. மாறாக, 2025இல் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸாரால் அடிக்கப்பட்டதை ஒருவர் மறைந்திருந்து எடுத்த வீடியோ ஊரறியச் செய்தது. உங்கள் தம்பி செய்தது தப்பே இல்லை.

ஃபேஸ்புக் மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். 2012இல் புதுச்சேரியில் ஒரு ட்வீட்டுக்காக ஒருவரைக் கைது செய்ய உதவிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்துவிட்டது. ஆனாலும் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். கண்ணால் காணாத லஞ்சத்தைச் சேர்த்தால் அவதூறு வழக்கு வரும். அந்தப் பெரியவரின் சம்மதமில்லாமல் அவர் முகத்தையும் போடாதீர்கள். அடி வாங்கியவர் அவர்.

பதிவுக்கு முன் புகார். கடலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் ஒரு நகல். நடவடிக்கை இல்லையென்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தனிப்புகார் தாக்கல் செய்யலாம். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணை அழையுங்கள்.