தொழிற்சங்கத்தை அங்கீகரிப்பது என்றால் என்ன?

"வேலையாட்களுக்குக் குறையிருந்தால் நேரே முதலாளியிடம் வந்து சொல்லலாமே, நடுவில் சங்கம் எதற்கு?" என்று நல்ல கிறிஸ்தவர்களே கேட்பதுண்டு. அவர்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. தகப்பனும் பிள்ளைகளும்போல் பேசித் தீர்க்கவேண்டிய இடத்தில் வக்கீல் புகுந்துவிட்டதுபோல் அவர்களுக்குத் தோன்றுகிறது. இந்தக் கேள்விக்குத் திருச்சபை சொல்லும் பதில் என்னவென்று இவ்வாரம் ஆராய்வோம்.

முதலில் இரண்டு காரியங்களைப் பிரித்தறிய வேண்டும். சங்கத்தைப் பதிவு செய்வது சர்க்காரின் வேலை. அங்கீகரிப்பது முதலாளியின் வேலை. "என் தொழிலாளிகளுக்காகப் பேச இவர்களுக்கு அதிகாரம் உண்டு, இவர்களோடு உட்கார்ந்து பேசுகிறேன்" என்று அவர் ஒப்புக்கொள்வதே அங்கீகாரம். 1926-ம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டம் பதிவுக்கு வழி செய்தது. அங்கீகாரத்துக்கு முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. அதற்கென்று 1947-ல் ஒரு திருத்தம் நிறைவேறியும் அது அமலுக்கு வராமலே போயிற்று. ஆகவே சர்க்கார் பதிவேட்டில் பெயர் இருந்தும், முதலாளியின் வாசலில் ஆளில்லாததுபோல் நடத்தப்பட்ட சங்கங்கள் அநேகம்.

சென்னையில் நடந்ததைப் பாருங்கள். 1918 ஏப்ரல் 27-ம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் ஏற்பட்டது. பி. பி. வாடியா அதன் தலைவர், திரு. வி. கலியாணசுந்தரனார் அதில் முன்னின்று உழைத்தவர்களுள் ஒருவர். பெரம்பூரில் பின்னி கம்பெனியார் நடத்திய பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளிகளே அதில் பெரும்பாலோர். கம்பெனியார் சங்கத்தோடு பேச மறுத்தார்கள். 1920 அக்டோபரில் ஆலைக் கதவு அடைக்கப்பட்டது. டிசம்பரில் போலீசார் சுட்டதில் இருவர் மாண்டார்கள். அதோடு நிற்கவில்லை. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளிகளைத் தூண்டினதாக வாடியா முதலானோர்மேல் கம்பெனியார் ஹைக்கோர்ட்டில் வழக்குத் தொடுத்து, தடையுத்தரவும் பெற்றார்கள். முடிவில் வாடியா சங்கத்தை விட்டு விலகவேண்டி வந்தது. தொழிலாளிகள் தங்களுக்காகப் பேசும்படி ஒருவரைத் தெரிந்துகொண்டார்கள். அவர் பேசினதே வழக்காயிற்று! 1926-ம் வருஷச் சட்டம் இத்தகைய வழக்குகளிலிருந்து பதிவான சங்கங்களுக்குப் பாதுகாப்புத் தந்ததற்கு இந்தச் சம்பவமும் ஒரு காரணம்.

இந்தச் சரித்திரத்தில் நாம் மறைக்கக்கூடாத மற்றொரு பகுதி உண்டு. 1921-ல் மறுபடி வேலைநிறுத்தம் வந்தபோது தொழிலாளிகளுக்குள்ளேயே சாதிப் பிளவு உண்டாயிற்று. ஆதிதிராவிடர் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் கலகம் மூண்டு குடிசைகள் எரிந்தன. கூடவேலை செய்கிறவனைச் சரிசமமாக ஒப்புக்கொள்ளாதவர்கள், தங்களை ஒப்புக்கொள்ளும்படி முதலாளியை எந்த முகத்தோடு கேட்பது?

இனி வேதபோதகத்துக்கு வருவோம். நம் பெரியவர்கள் சிங்கராயர் என்று அழைத்த 13-ம் லியோ பாப்பானவர் 1891 மே 15-ம் தேதி "ரேரும் நோவாரும்" என்னும் நிருபத்தை வெளியிட்டார். தொழிலாளி சம்மதித்துவிட்டான் என்பதனால் மட்டும் சம்பளம் நியாயமாகிவிடாது என்கிறார் அவர். வீட்டில் அடுப்பு எரியவேண்டுமே என்ற பயத்தால் ஒருவன் குறைந்த கூலிக்குத் தலையசைத்தால், அது பலவந்தத்துக்கு உட்பட்டதே ஆகும். "நேரே வந்து பேசலாமே" என்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ஒருவனை நீக்கினால் கம்பெனிக்கு வேறொருவன் கிடைப்பான். அவனுக்கோ அந்த மாதம் அரிசிக்கு வழியில்லை. இப்படிப்பட்ட இருவர் தனியே பேசுவது பேரமாகுமா?

சங்கம் கூடும் உரிமையைப் பற்றியும் அதே நிருபம் பேசுகிறது. அது மனுஷ சுபாவத்திலேயே வேரூன்றிய உரிமை. சர்க்கார் கொடுத்ததல்ல, முதலாளி கொடுப்பதுமல்ல. பக்திச் சபைகளையும் துறவற சபைகளையும் பாப்பானவர் இதே நியாயத்தின் கீழ்தான் வைத்துப் பேசுகிறார். அதாவது, நம் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபையார் எந்த உரிமையால் கூடுகிறார்களோ, ஆலைத் தொழிலாளிகளும் அதே உரிமையால் கூடுகிறார்கள். 2-ம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965-ல் இதை உறுதிப்படுத்தி, சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவனும் பழிவாங்கப்படலாகாது என்றும் போதித்தது.

இதெல்லாம் பழங்கதையென்று எண்ணவேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் சாம்சங் தொழிற்சாலைத் தொழிலாளிகள் 2024 செப்டம்பர் 9-ம் தேதி முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இடையில் கம்பெனி வேறொரு தொழிலாளர் குழுவோடு பேசி, ஊக்கத்தொகை தர இசைந்தது. வேலைநிறுத்தம் நிற்கவில்லை. பணம் ஒன்றே பிரச்சினையாயிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். தாங்களே அமைத்த சங்கம் நிற்கவேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. ஆனால் முன்னே சொன்னபடி, பதிவு வேறு, அங்கீகாரம் வேறு.

2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு இதில் ஒரு வழி காட்டுகிறது. பல சங்கங்கள் உள்ள இடத்தில் நூற்றுக்கு 51 தொழிலாளிகளையாவது கொண்ட சங்கத்தைப் பேச்சுவார்த்தைக்குரிய சங்கமாக முதலாளி ஏற்கவேண்டும். அப்படி ஒன்றும் இல்லையேல், நூற்றுக்கு 20 பேரையாவது கொண்ட சங்கங்களின் பிரதிநிதிகள் சேர்ந்த ஒரு குழு ஏற்படும். வேலைநிறுத்தத்துக்கு இதே தொகுப்பு விதிக்கும் நிபந்தனைகளைத் தொழிற்சங்கத்தார் பலர் கண்டிக்கிறார்கள். அதைத் தனியே ஆராய வேண்டும்.

சங்கத்துக்கும் கடமை உண்டு. ஆளையோ ஆஸ்தியையோ சேதப்படுத்தக்கூடாது என்று 13-ம் லியோ பாப்பானவரும், கட்சிகளின் கைக்கருவியாகிவிடக்கூடாது என்று 1981-ல் 2-ம் அருள் சின்னப்பரும் எச்சரித்திருக்கிறார்கள். ஆனால் ஒரு சங்கம் தவறக்கூடும் என்பதற்காக எந்தச் சங்கத்தோடும் பேசமாட்டேன் என்பது, பிள்ளை பரீட்சையில் தவறுவான் என்று பள்ளிக்கூடத்தையே மூடுவதற்கு ஒப்பாகும்.

கடைசியாக, நமக்குக் கொஞ்சம் கசப்பான விஷயம். திருச்சபையும் ஒரு முதலாளிதான். நம்முடைய பள்ளிக்கூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் நர்சுகள், ஆயாக்கள், காவற்காரர்கள் எத்தனையோ பேர் சம்பளத்துக்கு உழைக்கிறார்கள். அமெரிக்க மேற்றிராணிமார் 1986-ல் எழுதிய பொதுக் கடிதத்தில், சங்கம் சேரவும் கூடிப் பேரம் பேசவும் ஊழியர்களுக்குள்ள உரிமையைத் திருச்சபையின் ஸ்தாபனங்கள் யாவும் முழுமையாக ஏற்கவேண்டும் என்று விலக்கின்றி எழுதினார்கள். பங்கு ஆலோசனைக் குழுவில் இருப்பவர்களும், ஸ்தாபனங்களின் கணக்குப் பார்ப்பவர்களும் அந்தப் பகுதியைத் தேடி வாசிப்பது நல்லது.