மண்ணுக்குள் மூழ்கிய மண்டபம்



பழம்பெரும் நகரம் ஒன்றைக் காணச் செல்வோர் அங்குள்ள கோபுரங்களையும் கோட்டைகளையும் அண்ணாந்து பார்த்துத் திரும்புவதே வழக்கம். காலடியில் இருப்பதைக் குனிந்து பார்ப்போர் மிகச் சிலரே. துருக்கி நாட்டின் இஸ்தான்புல் மாநகரிலோ காலடியில்தான் ஒரு பெரும் வியப்பு மறைந்து கிடக்கிறது. அஃது எதற்காகக் கட்டப்பட்டது, எவ்வாறு மறக்கப்பட்டது, இன்று அங்கு எவ்வாறு செல்வது என்பனவற்றை இப்பாடத்தில் காண்போம்.

நகரும் நீரும்

இஸ்தான்புல் முற்காலத்தில் கான்ஸ்டான்டிநோபிள் எனப் பெயர் பெற்றிருந்தது. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நகரம் அது. கடல் நீரைக் குடிக்க இயலுமா? நகருக்குள் நன்னீர் போதிய அளவில் இல்லை. ஆதலின் தொலைவிலுள்ள காட்டுப் பகுதிகளிலிருந்து, கல் வளைவுகள் தாங்கிய கால்வாய்களின் வழியாக நீர் கொண்டுவரப்பட்டது. இதில் ஓர் ஆபத்தும் இருந்தது. பகைவர் வெளியே நின்று கால்வாயை உடைத்துவிட்டால் நகரம் தாகத்தால் வாடும். கி.பி. 626ஆம் ஆண்டில் அவார் இனப் படையினர் நகரை முற்றுகையிட்டபோது அவ்வாறே செய்தனர்.

இத்தகைய துன்பத்திற்கு அஞ்சியே அரசர்கள் நிலத்தடியில் நீர்த்தேக்கங்களை அமைத்தனர். அவற்றுள் பெரியது 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் கட்டுவித்தது. அதன் நீளம் ஏறக்குறைய 140 மீட்டர். அகலம் ஏறக்குறைய 65 மீட்டர். வரிசைக்கு 28 தூண்களாக 12 வரிசைகளில் 336 தூண்கள் கூரையைத் தாங்கி நிற்கின்றன. ஒவ்வொரு தூணும் ஏறக்குறைய 9 மீட்டர் உயரமுடையது. சுமார் 80,000 கன மீட்டர் நீரைத் தேக்கும் ஆற்றல் அதற்குண்டு. நீர் கசியாதிருக்கச் செங்கற் சுவர்களுக்குத் தனிச் சாந்து பூசினர். பழைய கட்டடங்களின் தூண்களையும் கற்களையும் கொண்டுவந்து பயன்படுத்தினர். அதனாற்போலும், மெதூசா என்னும் கிரேக்கப் புராணப் பெண்ணின் தலை செதுக்கிய கற்கள் இரண்டு, ஒன்று தலைகீழாகவும் மற்றொன்று பக்கவாட்டிலும், தூண்களின் அடியில் கிடக்கக் காண்கிறோம். அக்கற்களைச் சுமந்த தொழிலாளர்களின் பெயர்களோ எங்கும் பொறிக்கப்படவில்லை.

மறதியும் மீட்சியும்

காலம் சென்றது. 1453ஆம் ஆண்டில் நகரம் துருக்கியர் வசமாயிற்று. நீர்த்தேக்கத்தின் மேல் வீடுகள் எழுந்தன. கீழே என்ன இருக்கிறது என்பதை மக்கள் மெல்ல மறந்தனர்.

1544ஆம் ஆண்டில் பியர் கில் என்னும் பிரெஞ்சு அறிஞர் பழம்பொருள் ஆராய அந்நகருக்கு வந்தார். அப்பகுதி வீடுகளிலுள்ள கிணறுகளில் மக்கள் வாளியிட்டு நீர் இறைப்பதையும், அந்நீரில் மீன் கிடைப்பதையும் அவர் அறிந்தார். வீட்டுக் கிணற்றில் மீன் எங்கிருந்து வந்தது? அவர் விடாது வினவினார். முடிவில் ஒரு வீட்டின் வழியே கீழே இறங்கி, சிறு படகில் ஏறி, தீப்பந்த வெளிச்சத்தில் தூண்களை எண்ணினார். அவர் மறைந்த பின்னர் 1561ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூல் இச்செய்தியை உலகிற்கு உரைத்தது.

ஈண்டு நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. கீழே செல்லும் வழி புதிதாகத் தோண்டப்படவில்லை; அது வீடுகளுக்குள்ளேயே இருந்தது. நாள்தோறும் அந்நீரைக் குடித்தவர்களிடம் இல்லாதது ஒன்றே ஒன்று, அதுதான் கேள்வி.

இன்று செல்லும் வழி

1985ஆம் ஆண்டில் தொடங்கிய பெரும் பணியில் ஏறக்குறைய 50,000 டன் சேறு அகற்றப்பட்டது. 1987ஆம் ஆண்டில் பொதுமக்கள் அனுமதிக்கப்பட்டனர். பின்னர் நில நடுக்கத்தைத் தாங்கும் வண்ணம் வலுப்படுத்தப்பட்டு, 2022ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது. துருக்கியர் இதனை 'எரெபாத்தான்' என்பர். நிலத்துள் மூழ்கியது என்பது அதன் பொருள்.

நகரின் ஆசியக் கரையிலிருந்து வருவோர் கடலுக்கடியில் ஓடும் மர்மராய் இரயிலில் ஏறி, சிர்கெசி நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து டி1 டிராம் வண்டியில் இரண்டாவது நிறுத்தம் சுல்தானஹ்மெத். அதில் இறங்கிச் சிறிது தொலைவு நடந்தால் ஹாகியா சோபியாவின் அருகே நுழைவாயிலைக் காணலாம். படிகளில் இறங்க வேண்டும். தரை ஈரமாயிருக்குமாதலால் வழுக்காத காலணி நலம்.

அந்த இரயில் பாதைக்கும் ஒரு வரலாறு உண்டு. 2004ஆம் ஆண்டில் எனிகாப்பி என்னுமிடத்தில் நிலையம் அமைக்க நிலத்தைத் தோண்டியபோது, பழைய துறைமுகம் ஒன்றும் 37 கப்பல்களின் எச்சங்களும் வெளிப்பட்டன. அவற்றை அழியாது எடுத்துக் காக்கும் பணியால் இரயில் பாதை பல ஆண்டுகள் தாமதமாயிற்று. 2013ஆம் ஆண்டில்தான் முதல் வண்டி ஓடியது. பயணிகள் காத்திருந்தனர், வரலாறு பிழைத்தது.

முடிவுரை

பெற்றோர்களே! தோட்டத்துப் பழங்கிணற்றை வெட்டியவர் யார், லயம் எப்போது எழுந்தது என்று பிள்ளைகள் கேட்டால், "உனக்கு எதற்கு?" என்று அடக்கிவிடாதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். மாணவர்களே! கேட்டதை ஏட்டில் ஆண்டுடன் எழுதி வையுங்கள். மண் மூடியதைத் தோண்டி எடுக்கலாம். சொல்லாமலே மறைந்த செய்தியை எங்கே தோண்டுவது?

பயிற்சி

1. கான்ஸ்டான்டிநோபிள் நகருக்கு நிலத்தடி நீர்த்தேக்கம் தேவைப்பட்டது ஏன்?
2. பியர் கில் நீர்த்தேக்கத்தை அறிந்தது எவ்வாறு?
3. உங்கள் தோட்டத்தின் மிகப் பழைய கிணறு அல்லது கட்டடம் பற்றிப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுப் பத்து வரிகள் எழுதுக.