முற்றத்தில் கொசுப்பொறி: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

வடகிழக்குப் பருவமழை நாலு நாள் கொட்டிவிட்டு வெயில் அடித்தால், அடுத்த பத்து நாளுக்குள் பகலிலேயே கணுக்காலைத் தேடி வரும் கொசு பெருகிவிடும். காலில் வெள்ளை வரி போட்ட ஏடிஸ் எஜிப்தி அது. டெங்கு, சிக்குன்குனியா இரண்டையும் முக்கியமாகப் பரப்புவது இதுதான். இதைப் பிடிக்கச் சந்தையில் பல பொறிகள் கிடைக்கின்றன. நம் வீடுகளுக்கு நான் சொல்வது, முட்டையிட இடம் தேடி வரும் பெண் கொசுவைக் குறிவைக்கும் பொறியைத்தான். கரண்டும் வேண்டாம், எரிவாயுவும் வேண்டாம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. முட்டையிட வரும் கொசு ஏற்கெனவே யாரையோ கடித்து ரத்தம் குடித்த கொசு. கிருமி சுமந்திருக்க வாய்ப்புள்ளது அதுதான்.

புவேர்ட்டோ ரிக்கோ தீவின் தென்பகுதியில் சில குடியிருப்புகளில் வீட்டுக்கு மூன்று பொறி என்று, 80 சதவீதத்துக்கும் மேலான வீடுகளில் வைத்துப் பார்த்தார்கள். ஏடிஸ் கொசுக்கள் பாதிக்கும் கீழே குறைந்தன. 2014-இல் அங்கே சிக்குன்குனியா பரவியபோது, பொறி வைத்த ஊர்களில் தொற்று, வைக்காத ஊர்களைவிடச் சுமார் பாதியாகவே இருந்தது. ஆனால் அங்கே பொறி மட்டும் வைக்கவில்லை. தேங்கிய நீரை அகற்றும் வேலையும் சேர்ந்தே நடந்தது. கீழே வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை அதுதான்.

செய்ய வேண்டியவை

பொறி வைக்கும் முன் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, தண்ணீர் நிற்கும் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். பூந்தொட்டியின் அடித்தட்டு, பழைய டயர், கொட்டாங்குச்சி, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழி, பெயின்ட் டப்பா, சன்ஷேடின் மூலை, மொட்டை மாடியில் மடித்துப் போட்ட தார்ப்பாய், ஃப்ரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, எதையும் விடாதீர்கள். ஏடிஸ் ஒரே இடத்தில் எல்லா முட்டைகளையும் இடுவதில்லை. கொஞ்சம் இங்கே, கொஞ்சம் அங்கே என்று பிரித்து இடும். சுற்றிலும் பத்துப் பாத்திரத்தில் நல்ல தண்ணீர் இருந்தால் உங்கள் பொறி பதினோராவது பாத்திரம், அவ்வளவுதான். மற்றதெல்லாம் காய்ந்து கிடக்கும்போதுதான் கொசு அதைத் தேடி வரும்.

வாளி கருப்பாக இருக்கட்டும். இருண்ட வாய் உள்ள பாத்திரத்தை ஏடிஸ் விரும்பும். உள்ளே வைக்கோலோ காய்ந்த புல்லோ ஒரு பிடி போட்டுத் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். அந்த ஊறல் வாடை கொசுவை இழுக்கும். தண்ணீருக்குச் சற்று மேலே கொசு நுழைய முடியாத நைலான் வலையை இறுக்கிக் கட்டி, அதற்கு மேல் உட்சுவரில் ஒட்டும் அட்டையைச் சுற்றிவிட்டால், வந்த கொசு நீரைத் தொட முடியாமல் அட்டையில் மாட்டிக்கொள்ளும். வலைமட்டத்துக்குக் கீழே பக்கவாட்டில் இரண்டு சிறு துளை போட்டு அவற்றையும் வலையால் மூடுங்கள். மழைநீர் நிரம்பி வலைக்கு மேல் ஏறாமல் அந்தத் துளைகள் வடித்துவிடும். இந்தத் துளைகளை மறந்தால் ஒரே மழையில் பொறி கொசுத்தொட்டியாகிவிடும்.

இடம் நிழலாக, காற்று அதிகம் படாததாக, தரையோடு ஒட்டியதாக இருக்க வேண்டும். வாழையடி, துளசி மாடத்துக்குப் பின்புறம், மாடிப்படிக்குக் கீழே எல்லாம் நல்ல இடங்கள். ஏடிஸ் நெடுந்தூரம் பறப்பதில்லை. பெரும்பாலும் நூறு இருநூறு மீட்டருக்குள்ளேயே அதன் ஆயுள் முடிந்துவிடும். அதனால் உங்களைக் கடிப்பது உங்கள் வீட்டிலோ அடுத்த சில வீடுகளிலோ பிறந்த கொசுதான்.

கிழமை ஒன்றைக் குறித்துக்கொண்டு வாரம் தவறாமல் பொறியைப் பாருங்கள். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். வலையும் அட்டையும் இல்லாத வெறும் வாளிப் பொறி என்றால் ஐந்தாம் நாளே தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். வெயில் காயும் மண்ணில் கொட்டுங்கள், புழுக்கள் செத்துவிடும். பிறகு உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்து, கொதிநீரை ஊற்றுங்கள். ஏடிஸ் முட்டைகள் நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். தண்ணீரைக் கொட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து கிடைத்தால், பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவில் பொறி நீரில் போடலாம். 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டறியப்பட்டது இது. புதுச்சேரியின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் தன் சொந்த வகையொன்றை உருவாக்கித் தந்திருக்கிறது. புழு இதைத் தின்று சாகும். கூட்டுப்புழு எதையும் தின்னாது என்பதால் அதை இந்த மருந்து ஒன்றும் செய்யாது. ஆகவே வாராந்தரச் சோதனையைக் கைவிட முடியாது.

அட்டையில் எத்தனை மாட்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சிங்கப்பூரில் அரசே பல்லாயிரம் பொறிகளைக் குடியிருப்புகளில் வைத்து, எங்கே எண்ணிக்கை ஏறுகிறதோ அங்கே ஆட்களை அனுப்பித் தேடுகிறது. நீங்களும் அப்படியே செய்யலாம். எண்ணிக்கை திடீரென ஏறினால் பக்கத்தில் எங்கோ புதிதாகத் தண்ணீர் தேங்கியிருக்கிறது. கட்டுமானம் நடக்கும் மனையையும் பூட்டிக் கிடக்கும் வீட்டையும் முதலில் பாருங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரிடமும் பேசுங்கள். ஒற்றை வீட்டுப் பொறி தெருக் கொசுவைக் குறைக்காது. புவேர்ட்டோ ரிக்கோவில் பலன் கிடைத்தது ஊரே வைத்ததால்தான்.

செய்யக்கூடாதவை

ஊருக்குப் போகும்போது பொறியைத் தண்ணீரோடு விட்டுப் போகாதீர்கள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் கொட்டித் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுக் கிளம்புங்கள். கவனிக்க நேரமில்லாதவர்கள் பொறியே வைக்காமல் இருப்பது நல்லது.

நீல விளக்கில் பூச்சிகள் படபடவென்று பொசுங்கும் மின்பொறியை வாங்கித் தோட்டத்தில் மாட்டாதீர்கள். அமெரிக்காவின் டெலவேரில் 1996-இல் வெளியான ஓர் ஆய்வில், அப்படிப்பட்ட பொறிகளில் செத்த 13,789 பூச்சிகளை எண்ணிப் பார்த்தார்கள். அவற்றில் மனிதரைக் கடிப்பவை 31 மட்டுமே. மற்றவை நமக்குத் தீங்கு செய்யாதவை, பல நன்மை செய்பவை. கொசுவை நம்மிடம் இழுப்பது நம் மூச்சுக் காற்றும் உடல் சூடும் வியர்வை வாடையும். விளக்கு வெளிச்சம் அதற்குப் பெரிதல்ல.

பொறி நீரில் மண்ணெண்ணெய், பினாயில், பூச்சிமருந்து ஊற்றாதீர்கள். வாடை பிடிக்காமல் கொசு வேறு பாத்திரத்துக்குப் போய்விடும்.

மூச்சுக் காற்றில் உள்ள கரியமில வாயுவைக் கொண்டு இழுக்கும் விலை உயர்ந்த பொறி வைத்திருந்தால், அதை நீங்கள் உட்காரும் திண்ணைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அது இழுத்து வரும் கொசு வழியில் உங்களையும் பார்க்கும்.

ஒட்டும் அட்டையைத் திறந்தபடி விடாதீர்கள். பல்லியும் சிட்டுக்குருவியும் அதில் ஒட்டிக்கொண்டு துடித்துச் சாகும். வாளியின் வாயில் பெரிய கண் உள்ள கம்பிவலை போடுங்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் அந்த வலை கட்டாயம். வாளித் தண்ணீரில் குழந்தைகள் மூழ்கிப்போவது நடக்கிற காரியம்.

எல்லாக் கொசுவையும் இந்தப் பொறியே பார்த்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரவில் காதருகே ரீங்கரிக்கும் கியூலெக்ஸ் பெரும்பாலும் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பிறப்பது. அதற்கு வென்ட் பைப்பின் தலையில் நைலான் வலை கட்ட வேண்டும். சென்னை போன்ற நகரங்களில் மலேரியா பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வளரும். தொட்டி மூடி இடைவெளி இல்லாமல் பொருந்துகிறதா என்று இன்றே ஏறிப் பாருங்கள்.

பொறி வைத்தாயிற்று என்று கொசுவலையைப் பரணில் தூக்கிப் போடாதீர்கள். பகலில் தூங்கும் குழந்தைக்கு வலை வேண்டும். வீட்டில் யாருக்காவது டெங்கு வந்தால், அவர் பகலிலும் வலைக்குள்தான் படுக்க வேண்டும். அவரைக் கடித்த கொசு எட்டிலிருந்து பன்னிரண்டு நாள் கழித்து அடுத்தவருக்குக் கிருமியை ஏற்றும் திறன் பெறும், அதன் பிறகு சாகும்வரை பரப்பும். காய்ச்சல்காரரைக் கொசுவிடமிருந்து காப்பது வீட்டில் உள்ள மற்றவர்களைக் காப்பதற்காக.